சாவியில் பூச்சி வாசம்

பங்களாத் தோட்டத்தில், பூச்சி வாசம் பட்டாலும் பழத் திருடரைக் கண்டாலும் கொட்டும் இயந்திரக் குளவிகளைக் காவலுக்கு விட்ட பிறகும், தோட்டக்காரி பொம்மியின் கை பழக்கத்தை விடவில்லை. மாதுளையில் அப்பியிருந்த மாவுப்பூச்சியை விரலால் நசுக்கினாள். பூச்சி வாசம் வீசிய வலக்கையைக் குளவிகள் சூழ்ந்து கொட்டின. கை பந்தாக வீங்கியது.

"குளவி தப்புப் பண்ணாது. பழத்தத் திருடியிருப்ப. கொட்டகைச் சாவியக் குடுத்துட்டு ஓடிரு," என்றாள் வீட்டுக்காரி சுகந்தா.

"நசுக்குன வாசந்தாங்க. மோந்து பாருங்க."

"சீ, தள்ளி நில்லு!"

குளவிகள் வெயிலில் சார்ஜ் ஏற உட்கார்ந்திருந்தன. பொம்மி மாதுளைப் பக்கம் திரும்பி, சுகந்தா பார்க்காமல் சாவியாலேயே பூச்சிகளை வழித்து நசுக்கினாள். அதை இலையில் துடைத்து நீட்டினாள்.

"இடக்கையாலயா குடுக்குற, திமிரு?"

"சோத்துக்கையத்தான் உங்க குளவி தின்னுருச்சே."

சுகந்தா வெடுக்கென்று பிடுங்கி, உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

பொம்மி குழாயில் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கேட்டைத் தாண்டினாள். பின்னால் ரீங்காரம் எழுந்தது. அவள் திரும்பவில்லை.