ஏட்டையா செத்துக் காட்டிய மதியம்

ஏட்டையா மறுபடியும் செத்தார்.

இந்த முறையும் ஒழுங்காகச் சாகவில்லை என்று இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அடி விழுவதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டாராம். கொலையாகப் போகிறவர் எங்காவது முன்கூட்டியே தயாராக இருப்பாரா?

கொலை நடந்த கூடம்தான் அது. டிவிக்கு எதிரே அதே சாய்வு நாற்காலி. செத்துப்போன பெரியவருக்குப் பதிலாக அதில் ஏட்டையா, தொப்பையும் தானுமாக.

கொலைகாரன் வேடம் குழாய் ரிப்பேர்க்காரனுக்கு. கொலை நடந்த அன்று காலையில் அடுப்படியில் குழாய் மாற்றிவிட்டுப் போன பாவத்துக்கு மாட்டிக்கொண்டவன். ஸ்டேஷனில் நன்றாகக் கவனித்ததில், "நான்தான் செஞ்சேன்" என்று ஒப்புக்கொண்டுவிட்டான். எப்படிச் செய்தான் என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. அதைத்தான் இன்ஸ்பெக்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

போன கேஸிலும் இப்படித்தான் குற்றவாளியை நடிக்கவைத்து வீடியோ எடுத்தார். அதைப் பார்த்த நீதிபதி, கொலையாளி ஏன் நடுநடுவே போலீஸைத் திரும்பிப் பார்க்கிறார் என்று கேட்டுவிட்டார். கோர்ட்டே சிரித்தது. அதனால் இந்த முறை ஒத்திகை முடிந்த பிறகுதான் கேமரா.

குழாய்க்காரன் உயிரைக் கொடுத்து நடித்தான். சரியாகச் செய்து காட்டினால் வீட்டுக்கு விட்டுவிடுவார்கள் என்று அவனிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். சரியாகச் செய்தால் தூக்கு என்று யாரும் சொல்லவில்லை.

அவனுடைய ஸ்பேனர் சீல் வைத்து ஆய்வகத்துக்குப் போயிருந்தது. அதற்குப் பதிலாகக் கையில் சுருட்டிய பேப்பர்.

முதலில் இன்ஸ்பெக்டரின் கதைப்படி இருவரும் நேருக்கு நேர் கட்டிப் புரண்டார்கள். சுவரில் ரத்தத் துளிகளை அளந்து குறித்துவைத்திருந்த தடயவியல் நிபுணர் தொண்டையைச் செருமினார். அடி பின்னாலிருந்து விழுந்திருக்கிறது, இவர்கள் ஏன் முன்னால் மல்லுக்கட்டுகிறார்கள் என்று கேட்டார். படித்தவர்களைக் கூட வைத்துக்கொண்டு ஒரு வேலையும் செய்ய முடிவதில்லை.

கதையைத் திருத்தினார்கள். குழாய்க்காரன் பின்னால் வந்து, காசை எடு என்று கத்துவான். பெரியவர் திரும்பிப் பார்ப்பார். முகம் தெரிந்துவிட்டதே என்று அடித்துவிடுவான். திரும்பினால்தான் முகம் தெரியும், முகம் தெரிந்தால்தான் கொல்வதற்குக் காரணம் கிடைக்கும். இன்ஸ்பெக்டருக்கே தன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

பெரியவரின் மகள் அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகு அப்பாவுக்குச் சோறு, மருந்து, துணிமணி எல்லாம் அவள்தான். சம்பவம் நடந்தபோது ஆபீஸில் இருந்ததாகவும், சாயங்காலம் வந்துதான் பார்த்ததாகவும் வாக்குமூலம் கொடுத்திருந்தாள்.

"அப்பா காலை நீட்டி உட்கார மாட்டார் சார். மடக்கித்தான் வெச்சுக்குவார்."

ஏட்டையா மூச்சு வாங்க ஒரு காலை மடக்கிக்கொண்டார். நாற்காலி இன்னும் கொஞ்சம் டிவிப் பக்கம் இருக்கும் என்றாள். தள்ளிப்போட்டார்கள். டிவி சத்தம் இவ்வளவு குறைவாக இருக்காது என்றாள். ஏற்றினார்கள். இப்படி ஒரு குடும்பம் ஒத்துழைத்தால் எந்தக் கேஸ் தோற்கும் என்று இன்ஸ்பெக்டர் பூரித்துப்போனார். குழாய்க்காரன்கூட அவரை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்க்க ஆரம்பித்திருந்தான்.

கேமரா ஓடியது.

குழாய்க்காரன் பூனைமாதிரி பின்னால் வந்தான். "காசை எடு!" என்று கத்தினான். பாக்கிக் கூலி கேட்கிற குரல்தான் வந்தது.

ஏட்டையா சடாரென்று திரும்பினார். நெஞ்சில் கை வைத்து, வாயைப் பிளந்து, கடைசி வரிசைக்கும் கேட்கிறமாதிரி "ஐயோ!" என்றார்.

மகளால் பொறுக்க முடியவில்லை.

"என்ன சார் இது? அப்பா எங்க திரும்புனாரு?"

பின்னால் நின்று ஒருவன் கத்தினால் யாராக இருந்தாலும் திரும்பத்தானேம்மா செய்வார்கள் என்றார் இன்ஸ்பெக்டர், பொறுமையாக.

"அப்பா, அப்பான்னு கூப்பிட்டே திரும்பல சார். பக்கத்துல வந்து நின்னு கூப்பிட்டேன். டிவியிலேருந்து கண்ணை எடுக்கல. என்னைக்கு எடுத்தாரு?"

கேமராக்காரர் நிறுத்தவில்லை. நிபுணர் மட்டும் சுவரை விட்டு அவள் பக்கம் திரும்பினார்.

குழாய்க்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தத் தடவையும் கெட்டுப்போய்விட்டது, இனி வீட்டுக்கு விட மாட்டார்கள் என்ற பயம் அவனுக்கு.

"அப்போ நான் எங்க நிக்கணும்க்கா?"

அவள் வந்து அவன் கையிலிருந்த பேப்பர்ச் சுருளை வாங்கிக்கொண்டாள். நாற்காலிக்குப் பின்னால், சற்று இடதுபக்கம் தள்ளி நின்றாள்.

ஏட்டையா மடக்கிய காலை இறக்கினார். யாரும் சொல்லாமலே எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டார்.