எந்தக் காசிம்?

அந்த ஊரில் பேர்பெற்ற காசிம்கள் பலர். டாக்டர் காசிம், பாட்டுக்காரக் காசிம், பச்சை மாடி வீட்டு ஹாஜியார் காசிம். அடைமொழி சொல்லாவிட்டால் ஆள் பிடிபடாது. இன்னொரு காசிமுக்கும் அடைமொழி உண்டு: கள்ளன். தன் தங்கக் கடிகாரம் காணாமல்போன அன்று ஹாஜியார் வைத்தது. கடிகாரம் பிறகு ஹாஜியாரின் பீரோவிலேயே கிடைத்தது. சிரித்துக்கொண்டே அதைக் கையில் கட்டிக்கொண்டவர், வைத்த பெயரை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. கள்ளன் காசிமின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் தெருமுனையில் வீடு விசாரித்ததோடு திரும்பிப் போனார்கள்.

இன்று காலை ஹாஜியார் மவுத்தாகிப்போனார்; சாவை ஊருக்கு அறிவிக்க வேண்டும். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாருக்குத் தொண்டை கட்டியிருந்தது. தொழுது முடித்து எழுந்த கள்ளன் காசிமிடம் மைக்கை நீட்டினார்.

"நீங்க அறிவிச்சிடுங்க காக்கா. எந்தக் காசிம்னு தெளிவாச் சொல்லுங்க. இல்லாட்டி ஜனம் வீடு மாறிப் போயிடும்."

"தெளிவாவே சொல்றேன்."

அவர் செருமிக்கொண்டார்.

"இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கள்ளன் காசிம் அவர்கள் மவுத்தாகிவிட்டார்கள். ஜனாஸா பச்சை மாடி வீட்டிலிருந்து எடுக்கப்படும்."

மோதினார் மைக்கைப் பிடுங்கப் பாய்ந்தார். அதற்குள் காசிம், வழக்கப்படி, இரண்டாம் முறையும் சொல்லிவிட்டார்.