மில்லுக்கு எதிரே ஒரு பேனர்

"மில் கேட்டுக்கு நேர் எதிர்லதான் கட்டணும்ணே. வேற எங்கயும் வேணாம்."

சமயநல்லூரில் பேனர் கடை வைத்திருக்கும் தவசி கம்ப்யூட்டரிலிருந்து திரும்பினார். பள்ளிச் சீருடையில் பாண்டிமீனா நின்றிருந்தாள். பருப்பு மில்லில் வேலை பார்க்கும் சோலையம்மாளின் மகள்.

"என்ன விசேஷம்? காதுகுத்தா?"

"பத்தாவது பாஸ். மதியம் ரிசல்ட் வந்துச்சு."

"மார்க் எம்புட்டு?"

"இருநூத்தி ஒண்ணு."

காளை படத்தோடு காத்திருந்த அழகுபாண்டி சிரித்துவிட்டான். "ஐநூறுக்கா? இதுக்கு ஒரு பேனரா? அலங்காநல்லூர்ல யார் கையிலயும் சிக்காத எங்க காளைக்கே சின்னதாத்தான் அடிக்கிறோம்!"

"உங்க காளை பரீட்சை எழுதுச்சாண்ணே?"

அழகுபாண்டி போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

தவசி குரலைத் தாழ்த்தினார். "பாப்பா, மில் முதலாளி நம்ம வாடிக்கை. அவர் கண்ணு முன்னால எதுக்கு?"

"'பருப்புப் புடைக்கிற வீட்டுக்குப் பத்தாவது எதுக்கு'ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டாரே, அதுக்கு. தினமும் கார்ல இருந்து இறங்குறப்ப அவர் இதைப் பார்க்கணும்."

"கோவத்துல உங்கம்மாவை வேலையை விட்டு நிப்பாட்டிட்டா? அப்பாவும் படுத்த படுக்கை. அடுப்பு எரிய வேணாமா?"

"இப்படிப் பயந்துதான் அண்ணனைப் பாதியில நிறுத்தி அதே மில்லுல மூட்டை தூக்க விட்டோம். அப்ப மட்டும் அடுப்பு எரிஞ்சுச்சா? போதும்ணே."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வேணாம்னுதான் சொல்லும். அதான் சொல்லல."

"அவர் ஆளை விட்டுக் கிழிச்சுப் போட்டா?"

"மறுபடி அடிங்க. நான் பூக்கட்டிக் காசு தந்துர்றேன்."

தவசி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி மவுசைப் பிடித்தார்.

"அளவு?"

"எட்டுக்கு ஆறு."

"ஒரே தடவையில பாஸா?"

"ஒரே தடவையில. அதையும் போடுங்க."

'முதல் முயற்சியிலேயே வெற்றி' என்று தட்டினார். "சரி, உன் பேரை நான் அடிச்சுக்கிறேன். போட்டோவை அனுப்பு."

"பேரு இருக்கட்டும். முதல்ல போட்டோவைப் பாருங்க."

திரையில் படம் விரிந்தது. தலைமுடியெல்லாம் பருப்புத் தூசி படிந்த ஒரு முகம்.

"ஏய், இது உங்கம்மால்ல?"

"அம்மாதாண்ணே பாஸ், பிரைவேட்டா எழுதி. நானும் கூடத்தான் எழுதினேன். கீழே வாழ்த்துறவங்க வரிசையில என் போட்டோ வரணும். பேருக்குப் பக்கத்துல 'கணக்கில் பெயில்'னு பெருசாவே போடுங்க."