பயந்தாங்கொள்ளி

"உங்க பையன் சின்ன வயசிலேயே தைரியசாலியா?"

நிருபர் பேனாவும் கையுமாகக் கேட்டார். போன வாரம்தான் அந்தப் பையனுக்கு வீரப் பதக்கம் அறிவித்திருந்தார்கள். இருபத்திரண்டு வயது. குண்டு மழைக்கு நடுவே தனியாளாய் முன்னேறி, கூட இருந்த பதினாறு பேரைக் காப்பாற்றிவிட்டு உயிரை விட்டவன்.

சாவி செய்யும் அப்பா, அரத்தால் ஒரு சாவியை ராவிக்கொண்டே சிரித்தார்.

"தைரியமா? சரியான பயந்தாங்கொள்ளி சார் அவன்."

நிருபருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கரப்பான்பூச்சியைக் கண்டா கட்டில் மேல ஏறிடுவான். ஊசின்னு சொன்னாலே காய்ச்சல் வந்துடும். பத்து வயசு வரைக்கும் தனியா பாத்ரூம் போக மாட்டான். அவங்க அக்கா வெளியே நின்னு பேசிக்கிட்டே இருக்கணும்."

சுவர் ஓரமாய் ஓர் இளைஞன் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். ஒட்ட வெட்டிய முடி, நாலு நாள் தாடி. யாரோ சொந்தக்காரப் பையன் என்று நினைத்தார் நிருபர். அவன் மெல்ல நிமிர்ந்தான்.

"பட்டாளத்துக்குப் போன பிறகாவது..." நிருபர் எடுத்துக் கொடுத்துப் பார்த்தார்.

"அங்கே மட்டும் என்ன வாழுதாம்? 'அப்பா, முதல் குண்டு வெடிச்சப்ப கை கால் அசையல. குழியிலேயே முகத்தைப் புதைச்சுக்கிட்டேன்'னு போன்ல ஒரே அழுகை. 'அட போடா, பயம் எல்லாருக்கும் வர்றதுதான். அதுக்காக ஒருத்தன் கெட்டவனா ஆயிட மாட்டான்'னு சொன்னேன்."

நிருபர் நோட்டை மூடினார். நாடே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. பெற்ற அப்பன் வாயில் ஒரு நல்ல வார்த்தை வரவில்லையே!

ஒப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மாடிப்படி இறங்கினார். பாதிப் படியில், பின்னாலேயே ஓடி வந்தாள் பையனின் அக்கா.

"சார், அப்பா சொன்னது..."

"கவலைப்படாதீங்கம்மா. அதுல ஒரு வரிகூட எழுத மாட்டேன். நானே நாலு நல்ல வார்த்தை போட்டுக்கறேன்."

"ஐயோ, வேண்டாம் சார்! ஒண்ணு விடாம எழுதுங்க. அதைக் கேட்டுக்கத்தான் ஓடி வந்தேன்."

"என்னம்மா இது? தம்பி பேரு கெட்டுப் போகாதா?"

அவள் மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உள்ளே உட்கார்ந்திருக்காரே, அவர் தம்பியோட பட்டாளத்துல இருந்தவர். அன்னைக்கு ரெண்டு பேரும் சேர்ந்துதான் முன்னாடி போயிருக்கணும். பயத்துல இவருக்குக் கால் நகரல. குழியிலேயே படுத்துட்டார். தம்பி தனியாப் போனான். 'நானும் போயிருந்தா அவன் பிழைச்சிருப்பான்'னு முந்தாநாள் வந்து அப்பா கால்ல விழுந்தார். அதுலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. இனிமே உயிரோட இருந்து என்னன்னு கேக்கறார். தம்பியும் பயந்தவன்தான்னு நாளைக்குப் பேப்பர்லயும் வந்துட்டா அவருக்கு நம்பிக்கை வந்துடும் சார்."

நிருபர் மூடிய நோட்டை மறுபடி திறந்தார்.

"அவ்வளவு பயந்த பையன், கடைசியில தன்னந்தனியாப் போயிருக்கானே!"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவனா பயந்தவன்? அஞ்சு வயசுல, வெறிநாய்க்கு முன்னால என்னை மறைச்சு நின்னவன் சார். அப்பா இன்னைக்குச் சொன்னதுல ஒரு வார்த்தைகூட நிஜமில்லை."