நிக்காது கண்டக்டர்

மலைக்குப் போகிற வழியில் டீக்கடை கண்ணில் படும் இடத்தில் எல்லாம் வேன் நிற்க வேண்டும் என்று, மாமனார் வீட்டுக்கு வந்திருந்த மாப்பிள்ளை ஒரே பிடியாக நின்றார்.

அந்த வீட்டு மகனுக்கு ஆத்திரமாக வந்தது. விடியுமுன் கிளம்பி, எங்கும் நிற்காமல் விட்டால், பனி கலைவதற்குள் தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கலாம் என்று அவன் போனில் வழி பார்த்து வைத்திருந்தான். தங்க அறைகூடச் சொல்லியாயிற்று. ஜன்னலைத் திறந்தால் எதிரே மலைச் சரிவு. அந்த வீட்டில் யாரும் அதுவரை மலை ஏறியதில்லை.

"மச்சான், நாம டீச்செடியைப் பார்க்கப் போறோமா, டீக்கடையைப் பார்க்கப் போறோமா?"

"ரெண்டையும்தான்," என்றார் மாப்பிள்ளை. அவர் எலக்ட்ரீஷியன். எந்த ஸ்விட்ச் எந்தச் சுவரில் வர வேண்டும் என்று வீட்டுக்காரரிடமே அடித்துப் பேசுகிற ஆள்.

ஃபிளாஸ்க்கில் டீ நிரப்பித் தருகிறேன், மடியில் வைத்துக்கொண்டு குடித்துக்கொண்டே வாருங்கள் என்று மகன் சமரசம் பேசிப் பார்த்தான்.

"ஃபிளாஸ்க்ல இருக்கிறது சுடுதண்ணி. வண்டியை விட்டு இறங்கி, கொஞ்சம் நடந்து, நின்னு குடிச்சாத்தான் அது டீ. அரை மணிக்கு ஒண்ணு உள்ள போகலைன்னா எனக்குத் தலை வெடிச்சிரும்."

"இப்படிப் போனா நாம மேல ஏறுறதுக்குள்ள அங்க இருக்கிற இலையெல்லாம் பறிச்சு முடிச்சிருப்பாங்க."

"மறுபடி துளிர்க்கும். அவசரப்படாதீங்க."

மகன் அப்பாவைப் பார்த்தான். அவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். நிறுத்தம் இல்லாத இடத்தில் யார் கெஞ்சினாலும், கும்பிட்டாலும், அவர் வாயிலிருந்து வருவது ஒரே சொல்: "நிக்காது." அந்த ரூட்டில் அவருக்குப் பேரே நிக்காது கண்டக்டர். அவர் இந்த டீக் கிறுக்கை ஒரு பிடி பிடிப்பார் என்று மகன் காத்திருந்தான்.

கண்டக்டர் வாயைத் திறக்கவில்லை.

மாப்பிள்ளையைப் பற்றி அவருக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. போன மாதம் ஒரு வரவேற்புக்கு அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனவர், டயரில் காற்று இறங்குகிற மாதிரி இருக்கிறது மாமா என்று வழியில் இரண்டு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார். ஒரு வண்டியை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவர் என்று கண்டக்டர் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

ஆனால் இப்போது அவர் வாய் அடைத்திருந்ததற்குக் காரணம் வேறு.

எனக்குக் குளிர் ஆகாது, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குளிர் வெறும் சாக்கு. கொஞ்ச நாளாகவே அவரால் அரை மணி நேரத்துக்கு மேல் ஒண்ணுக்குப் போகாமல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. வயதானால் ஆண்களுக்கு வருவதுதான் என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். அதைச் சத்து மாத்திரை என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார் இவர். ஊரையே நிற்காமல் ஏற்றிக்கொண்டு போனவர், பெற்ற பிள்ளையிடம் வண்டியை நிறுத்தப்பா என்று எந்த வாயால் கேட்பது?

அவர் வராவிட்டால் அவர் மனைவியும் வர மாட்டாள். மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடுமாமே, நிஜமா என்று கல்யாணமான புதிதில் கேட்டவள் அவள். கூட்டிப் போய்க் காட்டுகிறேன் என்று இவரும் அன்றே வாக்குக் கொடுத்தார். இந்தத் தடவை ஸ்வெட்டர்கூட வாங்கிவிட்டாள். அவர் வரவில்லை என்றதும் அதை மடித்து பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டாள்.

இந்த டீப் பைத்தியம் இறங்குகிற இடத்தில் எல்லாம், கால் மரத்துவிட்டது என்று தானும் இறங்கிக்கொண்டால்? யாருக்குத் தெரியப்போகிறது?

"மாப்பிள்ளை இஷ்டப்படியே நிறுத்திக்கலாம்," என்றார் கண்டக்டர். "நானும் வரேன்."

"குளிர் ஆகாதுன்னீங்களேப்பா?"

"அதுக்குத்தானேடா ஸ்வெட்டர் விக்கிறான்."

சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் சட்டென்று நின்றது. சற்று நேரத்தில் அவர் மனைவி எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். கேட்ட வரத்தைக் கொடுத்தவர் என்பதால் மாப்பிள்ளைக்கு மட்டும் பெரிய டம்ளர்.

மாப்பிள்ளை அதை வாங்கி ஊதினார். மறுபடி ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் வேலை முடிந்து மகள் வந்தாள். தோள்பையைக்கூட இறக்காமல், புருஷன் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கித் தான் ஒரு வாய் குடித்தாள்.

"என்னம்மா, இவருக்குப் போய் டீ குடுத்திருக்க? வயித்துல புண்ணு, டீயைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லி மூணு வாரமாச்சு. நாங்க டீத்தூள் வாங்கறதையே நிறுத்திட்டோம்."

மகன் மெதுவாகத் திரும்பினான். "அப்ப வழியெல்லாம் அத்தனை டீ யாருக்கு மச்சான்?"

எல்லா வீட்டிலும் அடித்துப் பேசுகிற மாப்பிள்ளை, அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். சத்தம் வருகிறதே, ஒருநாள் கழற்றிப் பார்க்கணும் என்று முணுமுணுத்தார். ஃபேன் சத்தமே போடவில்லை.

அன்றைக்கு டயரிலும் காற்று நிறையவே இருந்திருக்கும் என்று கண்டக்டருக்கு இப்போதுதான் உறைத்தது. நிறுத்திய இரண்டு பங்க்கிலும் கழிப்பறை இருந்தது.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்குத்தான்டா," என்றார் மகனிடம். "மாப்பிள்ளையை விடு. அடிக்கடி ஒண்ணுக்கு வர்றது எனக்கு. பழைய விசிலை எடுத்துட்டு வரேன். நான் ஊதுற இடத்துல எல்லாம் வண்டி நிக்கும்."