கடைவாய்ப் பல்லும் கடவுளும்

"கடவுளெல்லாம் கிடையாதும்மா. இருந்திருந்தா உங்க பல்லு இப்படிச் சொத்தையாகியிருக்குமா?"

பல் டாக்டர் சொன்னதைக் கேட்டு, சாய்வு நாற்காலியில் கிடந்த தையல்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கடவுளே, கடவுளே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்ததும் உதடுகளுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். போன வாரமும் இப்படித்தான். அதற்கு முந்தின வாரம் ஊசியைக் கண்டதும் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். இந்தத் தடவையும் பல்லை எடுக்காவிட்டால் தாடை எலும்புக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பல்லை எடுக்க வாயைத் திறக்க வேண்டும். அது அவரால் முடியவில்லை.

ஆனால் இப்போது பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்துவிட்டது.

"என்ன டாக்டர், இப்படிப் பே..."

உதடு பிரிந்ததுதான் தாமதம், சின்னக் கண்ணாடி ஒன்று உள்ளே நுழைந்துவிட்டது.

"பேரு ஞானப்பல்லு. அதுலயே சொத்தை! படைச்சவர்னு ஒருத்தர் இருந்தா இப்படியா விட்டுவைப்பார்?"

"ஆ... ஆ..."

"ஆமாங்கிறீங்களா?"

கண்ணாடி வெளியே வந்ததும் அவர் பொரிந்து தள்ளினார். "ஆமான்னு யார் சொன்னா? பல்லைக் கொடுத்தது அவர். ஒழுங்கா தேய்க்காதது நான். நான் தச்சுக் கொடுத்த சட்டையை ஒருத்தர் துவைக்காமலே போட்டுக் கிழிச்சா, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"தச்சவர்னு ஒருத்தரே இல்லைங்கிறேன் நான். எல்லாம் தானா உண்டானதும்மா."

"தானாவா!"

அந்த 'வா'வில் வாய் முழுதாகத் திறந்தது. ஊசி போய்விட்டு வந்தது. வாதத்துக்கு அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருந்த தையல்காரம்மா அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

"பல்லு மரத்துப்போக அஞ்சு நிமிஷம் ஆகும். சொல்லுங்க."

சொல்லாமல் விடுவாரா? "ஒரு பக்கம் பொத்தான், ஒரு பக்கம் காஜா. ரெண்டும் நேருக்கு நேர் வரணும்னா ஒருத்தி அளவெடுத்து, கோடு போட்டு, வெட்டித் தைக்கணும். ஒரு சட்டைக்கே இவ்வளவு பாடுன்னா, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் கச்சிதமா வந்து உட்காருதே, அது தானா வந்துச்சா?"

"எங்க கச்சிதம்? முப்பத்திரண்டு பல்லைச் செஞ்சுட்டு, தாடையில இருபத்தெட்டுக்குத்தான் இடம் விட்டிருக்கார். நீங்க இப்படி அளவு தப்பினா உங்க கடைப்பக்கம் யாராவது தலைவச்சுப் படுப்பாங்களா?"

தொழிலைத் தொட்டதும் அவர் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார். 'டாக்டர்' போய் 'தம்பி' வந்தது.

"தம்பி, நல்லா தைக்கிறவ துணியை ஒட்ட வெட்டமாட்டா. ரெண்டு விரல்கடை உள்ள பிடிச்சு விடுவா. நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சு விட்டுக்கலாம். அழு மாழிழான் அவழும் நாழு பழ்ழை உழ்ழ பிழிச்சு..."

"என்னது, அவர் நாலு பழத்தைப் பிழிஞ்சாரா?"

"பழம் இழ்ழே! பழ்ழு! பழ்ழு!"

பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ் அவசரமாகத் திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

"சரி, அவரை யாராவது கண்ணால பார்த்திருக்காங்களா?"

நீங்கள் போட்டிருக்கிற கோட்டைத் தைத்தவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று மடக்க நினைத்தார் தையல்காரம்மா. "கோழ்ழு... தழ்ழவழ்..." என்பதற்கு மேல் நாக்கு ஒத்துழைக்கவில்லை.

"பதில் இல்ல, பாத்தீங்களா! கடைசியா ஒரே கேள்வி. வாயை நல்லாத் திறந்து, அழுத்தந்திருத்தமா சொல்லுங்க. கடவுள் இருக்காரா, இல்லையா?"

"இழுக்காழ்! இழுக்காழ்!"

"இழுக்கணுமா? இதோ, இழுத்தாச்சு."

டங் என்று தட்டில் எதுவோ விழுந்தது. தையல்காரம்மா எட்டிப் பார்த்தார். தட்டில் கிடந்தது அவருடைய பல்தான்.

அது எப்போது போனது என்று கேட்பதற்குள் வாய்க்குள் பஞ்சு வந்துவிட்டது. "அரை மணி நேரம் இதைக் கடிச்சுக்கிட்டு வெளியில உட்காருங்கம்மா. பேசவே கூடாது."

வெளியே வந்து உட்கார்ந்தவருக்கு மனசு ஆறவில்லை. பல் போன நிம்மதியைவிட, அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் கவலையாக இருந்தது. எவ்வளவு பதமான கை! வலியே தெரியவில்லையே! இவ்வளவு நல்ல பிள்ளைக்குக் கடவுள் நம்பிக்கை இல்லாமல் போயிற்றே! 'கடவுளே, அதுக்கு நல்ல புத்தியைக் கொடு' என்று பஞ்சைக் கடித்துக்கொண்டே வேண்டிக்கொண்டார்.

எதிர் பெஞ்சில் ஆஜானுபாகுவான ஒருவர் வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "ஒண்ணும் ஆகாது சார், கடவுள் பார்த்துப்பார்" என்று நர்ஸ் தைரியம் சொன்னாள். "அதெல்லாம் பித்தலாட்டம்மா. எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது. ஊசி இல்லாம எடுக்க முடியுமா, அதைச் சொல்லு" என்றார் அவர்.

அதைக் கேட்டதும் தையல்காரம்மாவுக்குப் பளிச்சென்று ஒரு வரி தோன்றியது. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில், 'வலிக்காமல் பல் எடுக்கும் இந்தக் கையை உங்களுக்குக் கொடுத்தது யார், தம்பி?' என்று எழுதினார். இதற்கு டாக்டரால் பதில் சொல்லவே முடியாது. நர்ஸ் உள்ளே போய் ஏதோ சொல்லிவிட்டு வந்ததும், எழுந்து போய், அறைக் கதவை மெல்லத் தள்ளினார்.

உள்ளே டாக்டர் சுவரைப் பார்த்து நின்று, கண்ணை மூடிக் கைகூப்பி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"கடவுளே, காலையிலேர்ந்து மூணு பேர்கிட்ட உன்னை இல்லைன்னு சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோ. நல்லவேளை, அடுத்து வர்றவர் நாத்திகராம். அவர் வாயைத் திறக்கவைக்க உன் பக்கமே பேசிக்கிறேன்!"