கோயில் சட்டை

றெஜி கத்தவில்லை.

மர வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் கோத்தபடி, கொட்டகையின் கிடுகுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த அருளம்மாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

கத்தடா ராசா, என்று மனதுக்குள் மன்றாடினாள். பெற்ற பிள்ளையைக் கத்தச் சொல்லி மன்றாடுகிற தாய் இந்த வன்னியில் தான் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று பட்டபோது, அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த நல்லதம்பி ஐயா கெட்ட மனிதர் அல்ல. இயலாத பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் உதவிப்பணத்துக்கு ஆள் பார்க்க, வவுனியாவிலிருந்து சோதனைச்சாவடிகளில் காத்துக் கிடந்து புதுக்குடியிருப்புக்கு வந்திருந்தார். மத்தியானத்தோடு திரும்பிவிடுவார். இனி எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது.

றெஜியின் கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டிப் பார்த்தார். காதருகில் கை தட்டிப் பார்த்தார். முழங்காலைத் தட்டிப் பார்த்தார்.

"கண் தெரியுது, காது கேக்குது, கைகாலும் சுகம். பிள்ளை சோக்கா இருக்கிறான். நான் என்னத்தையம்மா எழுதிறது?"

அருளம்மா சொன்னாள். ஏழு வயதாகியும் ஒரு சொல் பேச மாட்டான் என்றாள். சோற்றில் குழம்பு பட்டால் கோப்பையோடு எறிவான், நினைத்த மாதிரி ஒன்று நடக்காவிட்டால் தலையை மண்சுவரில் மோதுவான் என்றாள். இவனை விட்டுவிட்டு அடுத்த கொட்டிலுக்குக்கூடப் போக முடியாது, பிறகு எங்கே கூலிவேலைக்குப் போவது, கடலுக்குப் போன மனுசனும் கரைக்கு வரவில்லை என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கு நாக்கூசியது. பிள்ளையை வைத்துக்கொண்டே பிள்ளையைப் பற்றிக் கோள் சொல்வது போல இருந்தது.

இதற்கு ஒரு பெயர் இருந்தால், அந்த ஒன்றைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பாள். அவளுக்கும் பெயர் தெரியாது. அவருக்கும் தெரியாது.

நல்லதம்பி றெஜியைப் பார்த்தார். றெஜி கூரையைப் பார்த்தான். வாசலில் நின்ற சனத்தில் யாரோ சிரித்தார்கள்.

காலையில் பக்கத்துக் கொட்டில் ராஜினி படித்துப் படித்துச் சொன்னாள். குளிக்க வார்க்காதே, சீப்பால் தலை இழுக்காதே, இருக்கிற கோலத்தில் கூட்டிக்கொண்டு போ என்றாள். அருளம்மாவுக்கு மனம் வரவில்லை. உத்தியோகத்தருக்கு முன்னால் தன்னுடைய பிள்ளை பிச்சைக்காரப் பிள்ளை மாதிரி நிற்பதா? குளிப்பாட்டி, பவுடர் போட்டு, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுவிட்டாள்.

வெள்ளைச் சட்டை. கோயில் சட்டை.

இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

அந்தச் சட்டையை அவன் ஞாயிறு பூசைக்கு மட்டும்தான் போடுவான். எத்தனையோ ஞாயிறு அவன் கத்த, சனம் முகம் சுளிக்க, மாதா கோயிலுக்கு வெளியே தூக்கிக்கொண்டு ஓடி ஓடிப் பழக்கி எடுத்த பழக்கம் அது. சட்டையை விரித்துக் காட்டினால் தானாகவே கையை நீட்டுவான். அது உடம்பில் ஏறிவிட்டால், கூரையைப் பார்த்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் இருப்பான். வாரத்தில் அந்த ஒரு மணித்தியாலம்தான் அவன் மற்றப் பிள்ளைகளைப் போல இருப்பான். அவளும் மற்றத் தாய்மாரைப் போல முழந்தாளில் நின்று, பயமில்லாமல் கண்ணை மூடுவாள்.

வரும் வழியெல்லாம் அவன் சத்தமில்லாமல் வந்ததை மாதாவின் கிருபை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டவள் அவள். மடைச்சி.

றெஜி இப்போது பூசையில் இருந்தான்.

நல்லதம்பி பேனையை மூடிக்கொண்டு, அடுத்த ஆளை வரச் சொன்னார்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ."

பூசை முடிந்து வீட்டு வாசலுக்கு வரும்வரை அந்தச் சட்டையில் யாரும் கை வைக்கக் கூடாது. அதுவும் அந்தப் பழக்கத்தில் சேர்ந்ததுதான். அருளம்மா குனிந்து முதல் பொத்தானைக் கழற்றினாள். அவன் கூரையிலிருந்து கண்ணை எடுத்து அவளுடைய விரல்களைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. மிச்சத்தை ஒரேயடியாக இழுத்து, சட்டையை உருவி நிலத்தில் போட்டாள்.

றெஜி கத்தினான்.

வாங்கு சரிந்தது. புறங்கையைப் பல் பதியக் கடித்தான். நிலத்தில் விழுந்து தலையை மேசைக்காலில் மோதினான். சிரித்த சனம் பின்னுக்குப் போனது. வெளியே நின்ற ஒரு வயதானவர் விமானம் வருகிறதென்று நினைத்துப் பதுங்குகுழிக்குப் பாதி தூரம் ஓடிவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நல்லதம்பி கதிரையை விட்டு எழும்பி, நின்றபடியே எழுதினார். முத்திரை குத்தினார்.

"போதும் அம்மா, போதும். வாற மாதத்திலையிருந்து காசு வரும். பிள்ளைக்குச் சட்டையைப் போட்டுவிடுங்கோ."

அருளம்மா நிலத்தில் இருந்து அவனை மடியில் இழுத்து இறுக்கிக்கொண்டாள். கத்தல் மெல்ல மெல்ல விம்மலானது. கிடைத்துவிட்டது, ராசா, கிடைத்துவிட்டது என்று அவன் தலையைத் தடவினாள். பிறகு சட்டையை எடுத்து, மண்ணைத் தட்டி, எப்போதும் போல அவனுக்கு முன்னால் விரித்துப் பிடித்தாள்.

அவன் கையை நீட்டவில்லை.

சட்டையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, மடியிலிருந்து நழுவி, சுவரோடு சுவராக ஒட்டி நின்று மறுபடியும் கத்தத் தொடங்கினான்.

நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.